பிள்ளையார் தலையிலிருந்து எடுத்த பரங்கிப்பூ

எனக்குக் கல்யாணம் முடித்துவைத்தது ஒரு பரங்கிப்பூ. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பூ மட்டும் சரியான நேரத்தில் என் கைக்கு வந்திருக்காவிட்டால், இவர்கள் அத்தனை பேரும் பாகான் டாலாமில் என் அத்தை மகனின் மூக்கோடு பிறந்திருப்பார்கள். அந்த மூக்கைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ரப்பர் விலை விழுவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. அப்பா பினாங்குத் துறைமுகத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிற குமாஸ்தா. கிராணிமார்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்னால் கோலம் போட ஒரு துண்டு மண். பின்னால், அடுப்படி வழியாகப் போகிற பலகைக் குளியலறைக்கும் வேலிக்கும் நடுவே, நாலு பாய் விரித்தால் நிறைந்துவிடுகிற கொல்லை. நான் ஒரே பெண். கான்வென்டில் கடைசி வகுப்பு வரை படித்துவிட்டேன்; இனி இவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வெயில் முகத்தில் அடித்தாலொழிய எழுந்திருக்க மாட்டேன். 'தூங்குமூஞ்சி' என்றுதான் அம்மா கூப்பிடுவாள். இட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னமோ ஏதோவென்று எனக்குப் பயம் வந்துவிடும்.

அந்த வருஷம் கார்த்திகையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, பெரிய துரைக்கும் சின்ன துரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது, எல்லாம் அவர் வேலை. கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றிவைத்திருந்தோம். தலையைக் குனிந்துகொண்டு கேசரித் தட்டை நீட்டு, நிமிர்ந்தாயோ கொன்றுவிடுவேன் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து ஒரு காற்று வந்து விளக்கை அணைத்துவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியம்மா வாய்க்குக் கொண்டுபோன கேசரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். அபசகுனம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அது கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஏதோ அடுப்புப் பற்றவைப்பது போல விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு பக்கத்துப் பல் தெரியச் சிரித்தார். நான் அதை எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நிமிர்ந்துதான் பார்த்தேன். அந்தச் சிரிப்போடு நான் காலி.

அவர்கள் படியிறங்கினார்களோ இல்லையோ, அம்மா ஆரம்பித்துவிட்டாள். விளக்கு அணைந்தது ஒரு குற்றம். அதைச் சிகரெட் தீப்பெட்டியால் ஏற்றியது அதைவிடப் பெரிய குற்றம். காற்றடித்தால் விளக்கு அணையத்தான் செய்யும் லா என்று அப்பா சொல்லிப் பார்த்தார். காற்று நேற்றும்தான் அடித்தது, நேற்று ஏன் அணையவில்லை என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். துறைமுகத்திலும் அவருக்குப் பதில் சொல்கிற வேலை கிடையாது.

எதிர்ப்பக்கம் நின்றவர் பாகான் டாலாம் அத்தை மகன். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். மளிகைக் கடை, சொந்த வீடு, ஒரு கெட்ட பழக்கம் இல்லை. நல்ல மனுஷன், வஞ்சனையில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். ம்க்கும், எப்ப வந்தே. ம்க்கும், சோறு போடு. ம்க்கும், விளக்க அணை. ஒரு ஆயுள் முழுக்க இந்த 'ம்க்கும்' என் தலைமாட்டில் படுத்திருக்கப் போகிறதே என்று நினைத்தால் தலையணையை எடுத்துக் காதைப் பொத்திக்கொள்வேன்.

வீட்டில் சில நாள் இழுபறி நடந்தது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று அப்பா நடுவில் தவித்தார். ஒருநாள் காலையில் அம்மா கொல்லையில் போய் நின்றாள். தீபாவளி முடிந்து அவள் ஊன்றிய பரங்கி விதை, நாகப்பட்டினம் பக்கத்தில் அவள் பிறந்த ஊரிலிருந்து கப்பலில் வந்தவர் யாரோ கொண்டுவந்து கொடுத்தது, கொடியாகி வேலியைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"பொங்கலுக்குள்ள இந்தக் கொடியில ஒரு காய் நின்னுச்சுன்னா சுங்கை பாக்காப். நிக்கலன்னா பாகான் டாலாம். எனக்குச் சாமி சொல்லட்டும்."

அவள் ஊர்க் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு உத்தரவு கேட்பார்களாம். இங்கே அந்தக் கோயில் இல்லை, கொடி இருந்தது. நான் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெட்கத்தில் கல்லாய்ச் சமைந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

மார்கழி பிறந்தது. கொடி பூத்தது பாருங்கள், அப்படியொரு பூப்பு. வேலியே மஞ்சளாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பூவில் ஒரு காய்கூடவா நிற்காது? மனசுக்குள் நான் அப்போதே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் குடிபோய், கொய்னா பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கும் சந்தோஷம்தான், ஆனால் அது வேறு சந்தோஷம். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் வைத்து, அவர் தலையில் பரங்கிப்பூ செருக வேண்டும். பினாங்குக்கு வந்து இத்தனை வருஷத்தில் பரங்கிப்பூவுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கையில் கிடைத்த செம்பருத்தியை வைத்துப் பிள்ளையாரைச் சமாதானப்படுத்தி வந்தாள். இப்போது சொந்தக் கொடி. விடிவதற்கு முன் விளக்கோடு கொல்லைக்குப் போவாள், மடி நிறையப் பூவோடு வருவாள். வாசலில் பிள்ளையார்கள் வரிசையாய் மஞ்சள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் போகிற ரிக்‌ஷாக்காரச் சீனர்கூட வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

கண்மூடித்தனமாக அவள் பறிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பரங்கியில் இரண்டு தினுசுப் பூ உண்டு. ஒன்று அடியில் குட்டிப் பிஞ்சோடு வரும். இன்னொன்று நீளக் காம்பில் வெறும் பூவாய் நிற்கும். பிஞ்சுள்ள பூவை அம்மா தொடவே மாட்டாள், கொலைபாதகம் என்பாள். வெறும் பூவில் ஒன்றுகூட விடமாட்டாள். காய்க்கிற பூ வீட்டுக்கு, காய்க்காத பூ சாமிக்கு. இதில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்? அவள் அம்மா அப்படித்தான் பறித்தாள், அவளுக்கு அம்மாவும் அப்படித்தான்.

பிஞ்சுகள் விழ ஆரம்பித்தன. பூ விரியும், மறுநாள் வாடும், அதன் அடியில் இருந்த பிஞ்சு பச்சை போய் மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடும். ஒன்று போனது. அடுத்தது போனது. ஒவ்வொரு பிஞ்சு விழும்போதும் பாகான் டாலாமிலிருந்து ஒரு 'ம்க்கும்' எனக்குக் காதில் கேட்டது.

திருஷ்டி என்றாள் அம்மா. கரும்புள்ளி செம்புள்ளி குத்திய உடைந்த சட்டி ஒன்று வேலியில் ஏறியது. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பழஞ்செருப்பு. அப்பா அதை வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்; வேலியில் தொங்குவது பல நாள் அவருக்குத் தெரியாது. அதற்கும் பிஞ்சு நிற்கவில்லை. அம்மா பிள்ளையாருக்கு இன்னும் நாலு பூ கூடுதலாக வைத்து வேண்டிக்கொண்டாள்.

விழுந்த பிஞ்சு ஒன்றை ஒருநாள் கையில் வைத்து உருட்டிக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க வேலியைப் பார்த்தேன். வேலியில் பிஞ்சுப் பூ ஒன்று தன்னந்தனியாக விரிந்து நின்றது. சுற்றுமுற்றும் வேறு பூவே இல்லை. ஒரு தேனீ வந்தது, அந்தப் பூவுக்குள் போனது, வந்த வழியே வெறுங்கையோடு போனது. அப்போதுதான் என் மண்டையில் யாரோ நறுக்கென்று குட்டினார்கள். அட மடச்சி, நீதானே இதைப் படம் வரைந்து பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாய்!

கான்வென்டில் எங்களுக்குச் செடி கொடி பாடம் எடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. உலகத்தில் ஆண்கள் என்று ஒரு சாதி இருப்பதே தெரியாதவர் போல நடமாடுவார். ஆனால் பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூச்சம் என்பதே கிடையாது. கரும்பலகை முழுக்கப் பூவின் உள்ளுடம்பை வரைவார். வகுப்பில் நாங்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்குவோம். எல்லாம் இங்கிலீஷில்தான். மகரந்தம், சூல் என்று தமிழில் இத்தனை அழகான பெயர்கள் இருப்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

ஒரு பூவின் மகரந்தத் தூள் இன்னொரு பூவின் நடுவில் இருக்கிற பசையில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டினால் மட்டும் போதாது, அதற்கப்புறம்தான் கூத்தே. அந்தத் தூள் அங்கேயே முளைவிடும். மயிரிழையைவிட மெல்லிசான குழாய் ஒன்றை நீட்டி, பூவின் கழுத்து வழியாகக் கீழே கீழே இறங்கும். கண் கிடையாது, விளக்குக் கிடையாது. ஆனாலும் வழி தப்பாது. அடியில் பிஞ்சுக்குள்ளே சூல்கள் காத்திருக்கும். ஒவ்வொரு சூலிலும் ஒரு குட்டி வாசல். குழாய் அந்த வாசலைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்து, தான் சுமந்து வந்ததை இறக்கும். இறங்குவது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சூலில் உள்ள கருமுட்டையோடு கலந்து புதுச்செடியாகும். இரண்டாவது பக்கத்திலேயே இன்னொன்றோடு சேர்ந்து அந்தக் குட்டிச் செடிக்குச் சாப்பாடாகும். மாப்பிள்ளை வரும்போதே சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று நான் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று. இந்தக் கலப்பு நடந்தால்தான் சூல் விதையாகும். விதைகள் பிடித்தால்தான் சுற்றியுள்ள பிஞ்சு, தாய்க் கொடிக்குத் தான் வேண்டியது என்று தெரிந்து, காயாகப் பருக்கும். நடக்காவிட்டால் கொடி அதைக் கைகழுவிவிடும்.

வெறும் பூ வெறும் பூ என்று அம்மா பறித்துக்கொண்டு போனதெல்லாம் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு நின்ற ஆண் பூக்கள். பெண் பூக்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிவிட்டு, மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் விடியுமுன் பிடித்துக் கொண்டுபோய்ச் சாணியில் நட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் இதனால் ஒரு குடியும் முழுகியிருக்காது. அங்கே கூரைக்குக் கூரை பரங்கி. ஒரு வீட்டுக்காரி பறித்தால் அடுத்த வீட்டுக் கொடியிலிருந்து தேனீ கொண்டுவந்து கொடுத்துவிடும். இங்கே கிராணி வீட்டு வரிசை முழுக்க இருந்ததே இந்த ஒற்றைக் கொடிதான். ஊர்ப் பழக்கம் கப்பலேறி வந்துவிட்டது, ஊர்க் கொடிகள் வரவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா, வெறும் பூவைப் பறிக்காதே, அதுதான் ஆண் பூ, அது பெண் பூவுக்குப் போனால்தான் காய் நிற்கும் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அம்மா கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பூவுல ஆம்பள பொம்பளயா? கான்வென்ட்ல இதத்தான் சொல்லித் தந்தாங்களா?"

அப்புறம் என் பேச்சு எடுபடவில்லை. கல்யாணம் பேசுகிற வீட்டில் வயசுப் பெண் வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது, அடுத்த வீட்டுக்குக் கேட்டால் என்ன ஆகும், படிக்க வைத்ததே தப்பு என்று ஒரே அர்ச்சனை. கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் அப்பாவின் தோள்கள் குலுங்கின. வாய்விட்டுச் சிரிக்க அவருக்குத் தைரியம் கிடையாது. சாமிக்குப் போகிற பூவை நிறுத்தச் சொன்ன பாவத்துக்கு என்னைத் தோப்புக்கரணம் போடச் சொன்னாள். போட்டேன். போடும்போதே யோசனை வந்துவிட்டது. ஆண் பூ கொடியில் இல்லை, சரி. ஆனால் வாசலில் இருக்கிறதே, பிள்ளையார் தலையில்!

திருட்டுத்தான், சாமி சொத்துத்தான். ஆனால் பிள்ளையாரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். தம்பிக்கு வள்ளியைக் கட்டிவைக்கக் காட்டு யானையாக வந்து அந்தப் பெண்ணைத் துரத்தியவர் யார்? இவர்தானே. தான் பிரம்மச்சாரியாக இருந்துகொண்டு ஊரார் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்கிற ஆள். எங்கள் ஊர்த் தண்ணீர்மலையில் இருக்கிற அந்த முருகனுக்குச் செய்ததை எனக்குச் செய்யமாட்டாரா?

ஒரே சிக்கல், நான் தூங்குமூஞ்சி. முதல் நாள் எழுந்தபோது பிள்ளையார் தலைப் பூ வெயிலில் துவண்டிருந்தது, கொல்லைப் பூவும் வாயை மூடிக்கொண்டுவிட்டது. பரங்கிப்பூவுக்கு ஆயுள் ஒரு காலைப்பொழுதுதான். கிழக்கு வெளுக்கும்போது விரிந்து, வெயில் ஏறினால் முடிந்தது கதை. மறுநாள் எழுந்துவிட்டேன். எழுந்து என்ன, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டதும் அது கிறீச்சென்று கத்தி அப்பாவை எழுப்பிவிட்டது. தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, வேண்டாத தண்ணீரை ஒரு செம்பு குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அன்று விரிந்த பெண் பூவும் வீணாகப் போயிற்று.

அதற்கு மறுநாள் பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டு எழுந்தேன். அம்மா கோலத்தை முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் அவள் மார்கழிப் பாட்டும் கேட்டன. நான் வாசலுக்கு ஓடி, நடுப் பிள்ளையாரின் தலையிலிருந்து பூவை உருவினேன். மன்னிச்சுக்கோ, உடனே கொண்டுவந்து வச்சிடறேன் என்று அவரிடம் சொன்னேன். கூடத்தைத் தாண்டிக் கொல்லைக் கதவுக்கு வந்தேன். தாழ்ப்பாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு திறந்தது. பிள்ளையார் மகிமையே மகிமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கொல்லையில் ஒரு பெண் பூ விரிந்திருந்தது. பனித்துளிகூட இன்னும் காயவில்லை. ஆண் பூவின் இதழ்களைப் பின்னுக்கு மடக்கிப் பிடித்தேன். நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு விறைத்துக்கொண்டு நின்றது. குனிந்த அவசரத்தில் முதல் தடவை என் மூக்கில் தடவிக்கொண்டேன். அடுத்த தடவை சரியாக, பெண் பூவின் நடுவில் இருந்த பசை மேட்டில் மெள்ளத் தேய்த்தேன். மஞ்சள் அங்கே ஒட்டிக்கொண்டது. மேளம் இல்லை, ஐயர் இல்லை. கெட்டிமேளம் என் நெஞ்சுக்குள் கொட்டியது. பூவைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் தலையில் பழையபடி செருகினேன். கலைந்த தலைப்பாகையோடு அவர் சண்டைக்குப் போய்விட்டு வந்தவர் போல இருந்தார்.

அன்று நான் செய்த வேலை ஒன்றும் வேலையில்லை. தோசை மாவில் உப்பை இரண்டு தடவை போட்டேன். அரைத்துக்கொண்டிருக்கும்போது, இப்போது குழாய் எதுவரைக்கும் போயிருக்கும் என்று நினைப்பேன். கழுத்தைத் தாண்டியிருக்குமா? வாசல் தென்பட்டிருக்குமா? ஒருவர் இருவரா, நான் ஒட்டிவிட்ட தூளில் எத்தனையோ மாப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் இருட்டில் ஊர்வலம் போகிறார்கள்! எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. மூக்கில் என்ன மஞ்சள் என்று அப்பா கேட்டார். அம்மா அவரை முந்திக்கொண்டு, மஞ்சள் அரைத்தாள், பட்டிருக்கும் என்றாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் மஞ்சள் அரைக்கவில்லை. நான் இருந்த மயக்கத்தில் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாளும் எழுந்தேன். அதற்கடுத்த நாளும். பெண் பூ விரியாத நாளில்கூட எழுந்து பார்த்துவிட்டு வந்து படுத்தேன். அம்மாவின் பாட்டு நாளுக்கு நாள் உரக்க ஆனது. குளிக்கிற நேரமும் நீண்டது. நான் தேய்த்துவிட்ட முதல் பிஞ்சு மஞ்சளாகவில்லை. காம்பு தடித்தது. பூ வாடி உதிர்ந்த இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு வடு மட்டும் நின்றது. எலுமிச்சை அளவு ஆயிற்று. தேங்காய் அளவு ஆயிற்று. போகியன்று அது ஒரு குழந்தையின் தலை போல இருந்தது. பின்னால் இன்னும் இரண்டு வளர்ந்துகொண்டிருந்தன. பொங்கலன்று அம்மா குளித்து முழுகிக் கொல்லைக்குப் போய், காய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"சுங்கை பாக்காப்புக்குச் சொல்லி அனுப்புங்க. சாமி சொல்லிருச்சு."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், எங்கே அவள் மனசு மாறிவிடுமோ என்று. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினேன். வாளி கவிழ்ந்தது. வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டதும் பிள்ளையார் புண்ணியம்தான். பலகை இடுக்கில் வெளிச்சம் வந்தது. தற்செயலாய்க் கண்ணை வைத்துப் பார்த்தேன். வேலி, கொடி, அந்தக் காய், நான் தினமும் குனிந்து நின்ற இடம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஆனால் சந்தோஷத்தில் இருப்பவளுக்கு யோசிக்க ஏது நேரம்? அதை அப்படியே மறந்துவிட்டேன்.

வைகாசியில் முகூர்த்தம். அந்த முதல் காயை அம்மா பொங்கல் குழம்புக்கும் விடவில்லை, வேறு எதற்கும் விடவில்லை. முற்றட்டும் என்று கொடியிலேயே விட்டு, பிறகு கட்டிலடியில் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் அதை அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். உள்ளே விதைகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு வழவழவென்று மின்னின. ஒவ்வொரு விதையும் ஒரு மாப்பிள்ளை தன்னந்தனியாக இருட்டில் வழி கண்டு போய்ச் சேர்ந்த கதை. ஒருவர் நுழைந்த வாசலில் இன்னொருவருக்கு இடம் கிடையாது. இனியும் மறைத்தால் வெடித்துவிடுவேன் என்று தோன்றியது. சாமி சொல்லவில்லை அம்மா, காயை நான்தான் நிற்க வைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா நிமிரவில்லை. விதைகளை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நீ கதவத் தெறக்கறப்ப அது கத்துனது, உங்கப்பாவுக்கு மட்டுமா கேட்டுச்சு? தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டது யாருன்னு நெனச்ச, பிள்ளையாரா?"

பிள்ளையார் என்றுதான் நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்ததை அவளே சொன்னாள். பூவைப் பூவில் வைத்து நான் என்னமோ மந்திரம் சொல்லி வேண்டிக்கொள்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பூத்தூள், குழாய், வாசல் என்று நான் மறுபடி ஆரம்பித்ததும் கையை ஓங்கினாள். அந்தப் பேச்சு அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் பிறகு எதற்காகப் பொங்கல் வரைக்கும் என்னைத் தவிக்கவிட்டாய் என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது.

"பொண்ணக் கேக்குற வழக்கம் நம்ம வீட்ல இல்ல. என்னையும் யாரும் கேக்கல, புடிச்சுக் கப்பல்ல ஏத்தி விட்டாங்க. உன்னைக் கேக்கணும்னு இருந்துச்சு, வாய் வரல. அதான் கொடியக் கேட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் விதைகளை விரலால் அளைந்தாள். "வெயில் அடிச்சாலும் எந்திரிக்காதவ, இருட்டுல எந்திரிச்சுப் பிள்ளையார் தலையிலேர்ந்து பூவப் புடுங்குறா. அன்னிக்கே பதில் கெடச்சுப் போச்சு. எத்தன நாள் எந்திரிக்கிறன்னு பாத்தேன், அவ்வளவுதான். காய் நின்னது, உங்கப்பாகிட்ட ஒரு காரணம் சொல்ல."

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை; இரண்டும் மூக்கு வழியாக வந்தது. கல்யாணப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்காதே, போய் முகத்தைக் கழுவு என்று விரட்டினாள். விதைகளைக் கழுவி உலர்த்தி, ஒரு துணியில் முடிந்து என் பெட்டியில் வைத்தாள்.

சுங்கை பாக்காப்பில் அவற்றை ஊன்றினேன். அங்கே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் கொடிக்குப் பஞ்சமே இல்லை. என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. தேனீக்களே பார்த்துக்கொண்டன. நான் பழையபடி வெயில் அடிக்கும்வரை தூங்கினேன். அவர் தீப்பெட்டியால்தான் எங்கள் வீட்டு விளக்கைக் கடைசிவரை ஏற்றினோம். அது ஒருநாளும் எங்களைக் கெடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து என் மூத்த மகளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், நல்ல பையன், எனக்கும் அவருக்கும் பரம சம்மதம். கொல்லையில் அம்மாவின் பரங்கி வழி வந்த கொடி வேலி நிறையப் பூத்திருந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை. அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியை வாயிலிருந்து எடுப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. அம்மா ஏன் கொடியிடம் போனாள் என்று அப்போது புரிந்தது.

வேண்டாம்மா என்றாள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.